இலவச டிக்கெட், இலவசக் கோபம்

இந்திய ஹாக்கியில் கோச்சுகள் வருகிறார்கள், போகிறார்கள். மீஞ்சூர் முதல் ராயபுரம் வரை ரசிகனின் எரிச்சல் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. அவன் யாரைத் திட்ட வேண்டும்?

2007 செப்டம்பர் 9 அன்று எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் தென்கொரியாவை 7-2 என்று புரட்டி எடுத்து ஆசியக் கோப்பையை வாங்கியது இந்தியா. சரியாக ஆறு மாதம் கழித்து, 2008 மார்ச் 9 அன்று, சிலி நாட்டு சான்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்றது. 80 வருஷத்தில் முதல்முறையாக இந்திய ஹாக்கி அணி இல்லாமல் ஒரு ஒலிம்பிக் நடக்கப்போகிறது என்பது அன்று முடிவானது. முதல் பத்து நிமிஷத்துக்குள் இரண்டு கோலும் விழுந்துவிட்டன. மீதி ஒரு மணி நேரம் நம்மவர்கள் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். நம்மூர்க் கடிகாரத்தில் அது திங்கட்கிழமை, இன்னும் விடியவில்லை. சென்னையில் கோப்பையோடு நின்ற கோச் ஜோகிம் கர்வாலோ சான்டியாகோவோடு பதவி விலகினார்.

இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துச் சொன்னால் வடசென்னையின் பழைய ஹாக்கி ஆட்களுக்கு இன்றும் முகம் மாறும். அவர்கள் எண்ணிக்கையில் பெரிய கூட்டம் கிடையாது. கால்பந்தும் பாக்ஸிங்கும் கேரமும் ஆண்ட பகுதி இது; கிரிக்கெட் எல்லா இடத்தையும்போல இங்கேயும் உண்டு. ஹாக்கி ரயில்வேயோடு வந்தது. பெரம்பூர், ராயபுரம் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே அணிகளும் அதை வளர்த்தன. ஸ்டிக் பிடித்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்ற ஒரு காலம் இருந்தது. ரயில்வேயும் வங்கிகளும் போலீஸும் ஆள் எடுத்தன. அப்படி ஆடியவர்கள், ஆட முயன்று வேறு வேலைக்குப் போனவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் ஆகியோர்தான் இந்தக் கூட்டம். அனல்மின் நிலையம், துறைமுகம், கன்டெய்னர் யார்டு என்று பிழைப்பு வடக்கே நகர நகர அவர்களும் எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் என்று நகர்ந்துவிட்டார்கள். எழும்பூரில் பெரிய மேட்ச் என்றால் கும்மிடிப்பூண்டி லைன் வண்டியில் ஏறி சென்ட்ரலில் இறங்கி நடக்கிறார்கள்.

மேட்ச் முடிந்து அதே லைனில் திரும்பும் வண்டியில் பேச்சைக் கேட்க வேண்டும். தோற்ற நாளில் கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் கோச்சைத் தூக்கியாகிவிடும். "இவனெல்லாம் ஒரு கோச்சாபா?" என்று ஒருவர் ஆரம்பித்தால், "கோச் இன்னா பண்ணுவான், மேல உக்காந்துகினு இருக்கானுங்களே அவனுங்கள கேளு" என்று இன்னொருவர் மடக்குவார். மீஞ்சூர் வருகிறவரை இது ஓடும். இந்திய ஹாக்கியைப் பற்றி எழுதப்பட்ட நீளமான அலசல்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும் என்பது என் எண்ணம். இரண்டில் எது சரி என்பதுதான் கேள்வி.

கோச் பட்டியல்

ஜெயித்தவனையே அனுப்பிய கதையிலிருந்து தொடங்கலாம். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 வருஷத்துக்குப் பிறகு இந்தியா தங்கம் வென்றது. கேப்டன், புனே கட்கியில் பிறந்த தமிழர் தன்ராஜ் பிள்ளை. கோச் எம்.கே. கௌஷிக். ஊர் திரும்பிய கையோடு தன்ராஜும் கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லாலும் உட்பட மூத்த வீரர்கள் பலர் அடுத்த தொடருக்கான அணியில் இல்லை. ஓய்வு கொடுத்திருக்கிறோம் என்றது ஃபெடரேஷன். பணம், வசதி பற்றி வாய் திறந்ததற்குத் தண்டனை என்று ரசிகர்கள் புரிந்துகொண்டார்கள். கௌஷிக்கும் நீடிக்கவில்லை. தங்கம் வாங்கினாலே இந்தக் கதி என்றால் தோற்றவன் கதி என்ன?

2002 கோலாலம்பூர் உலகக் கோப்பையில் செட்ரிக் டி'சோசாவைப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே நீக்கினார்கள். அணி பத்தாவது இடத்தில் முடித்தது. 2003-இல் ஆசியக் கோப்பை வாங்கிக் கொடுத்த ராஜிந்தர் சிங்கை அடுத்த வருஷம் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் இருக்கும்போது மாற்றி, ஜெர்மனியிலிருந்து கெர்ஹார்டு ராக்கைக் கூட்டிவந்தார்கள். ஒரு வீரனின் பெயரும் ஆடும் இடமும் மனத்தில் பதிவதற்குள் ஒலிம்பிக் முடிந்துவிட்டது, ஏழாம் இடம். ஸ்பெயின்காரர் ஹோசே பிராசா 2010-இல் டெல்லி உலகக் கோப்பையில் எட்டாம் இடத்தோடும் குவாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலத்தோடும் போனார். அந்த உலகக் கோப்பைக்குச் சில வாரங்களுக்கு முன் புனே முகாமில் வீரர்கள் நிலுவைப் பணம் கேட்டுப் பயிற்சிக்கு இறங்க மறுத்ததையும் அவர் பார்க்க வேண்டியிருந்தது. மைக்கேல் நாப்ஸ் காலத்தில் 2012 லண்டனில் ஆறு ஆட்டத்திலும் தோல்வி. பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம். டெரி வால்ஷ் 2014 இஞ்சியோனில் பாகிஸ்தானை வென்று ஆசியத் தங்கம் வாங்கினார். சில வாரங்களில், முடிவெடுக்கும் முறை தனக்கு ஒத்துவரவில்லை என்று மூட்டை கட்டினார். அடுத்து வந்த பால் வான் ஆஸ் ஆறு மாதம் இருந்தார். ஆன்ட்வெர்ப்பில் ஒரு மேட்சுக்குப் பின் அப்போதைய தலைவர் நரிந்தர் பத்ராவோடு ஏற்பட்ட வாக்குவாதம் அவர் கதையை முடித்தது.

2015-ஐ இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம். அந்த வருஷம்தான் பெல்ஜியம் ஷேன் மெக்லியோடிடம் தன் அணியை ஒப்படைத்தது. 2018-இல் உலகக் கோப்பை, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் இரண்டையும் வாங்கித் தந்துவிட்டுத்தான் அவர் விலகினார். அதே காலத்தில் நம் பக்கம் வான் ஆஸ், ரோலண்ட் ஓல்ட்மன்ஸ், ஷோர்ட் மாரைன், ஹரேந்திர சிங், கிரஹாம் ரீட் என்று ஐந்து பேர். மாரைன் பெண்கள் அணியிலிருந்து ஆண்கள் அணிக்கு வந்தார். 2018 காமன்வெல்த்தில் பதக்கம் இல்லை என்றதும் பெண்கள் அணிக்கே திரும்ப அனுப்பப்பட்டார். பெண்கள் அணியிலிருந்த ஹரேந்திர சிங் ஆண்கள் பக்கம் மாற்றப்பட்டார். அந்த வருஷக் கடைசியில் புவனேஸ்வர் உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2 என்று தோற்றார். 2019 ஜனவரியில் அவரும் இல்லை.

ஒவ்வொரு கோச்சும் ஒவ்வொரு பாடத்தோடு வருகிறார். ஆஸ்திரேலியப் பள்ளியிலிருந்து வருகிறவர் மேலேறி அழுத்து, எதிரி பாதியிலேயே பந்தைப் பிடுங்கு என்கிறார். டச்சுக்காரர் பந்தை வைத்துக்கொண்டு வடிவம் கலையாமல் ஆடு என்கிறார். நம்மவர் வந்தால் பழைய ஆசியப் பாணிக்குத் திரும்பச் சொல்கிறார். 22 வயதுப் பையன் ஒருவன் நான்கு வருஷத்தில் மூன்று பாடம் படித்து மூன்றையும் பாதியில் விட்டால் முக்கியமான நேரத்தில் அவன் கால் எங்கே நிற்கும்?

கடைசி நிமிஷம்

கோச்சைத் திட்டுகிறவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாமல் மேலே போக முடியாது.

2000 சிட்னி. சென்னைக்காரரும் 1980 மாஸ்கோ தங்கத்தின் கேப்டனுமான வாசுதேவன் பாஸ்கரன் அப்போது கோச். போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லாதபோது போலந்து சமன் செய்தது, அரையிறுதி போயிற்று. அந்த அணியில் நம்ம ஊர் முகமது ரியாஸும் இருந்தார். அந்த ஒரு கோலைப் பற்றி இன்றைக்கும் சண்டை வரும். பந்தை ஏன் மூலையில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளவில்லை, யார் ஆளை விட்டது, அந்த நேரத்தில் எதற்குக் கூட்டமாகப் பின்னால் போய் நின்றார்கள் என்று ஆளுக்கொரு தீர்ப்பு.

அது ஒரு நாள் விபத்து என்றால் மறந்துவிடலாம். 2014 ஹேக் உலகக் கோப்பையில் பெல்ஜியத்திடம் கடைசிப் பதினைந்து விநாடியில் கோல் வாங்கித் தோற்றோம். அடுத்த மேட்சில் இங்கிலாந்திடம் ஆட்டம் முடியும் தறுவாயில் அதே கதை. 2016 ரியோவில் ஜெர்மனி வெற்றி கோல் போட்டபோது மிச்சம் மூன்று விநாடி. கோச் பாஸ்கரன், வால்ஷ், ஓல்ட்மன்ஸ் என்று மாறினார்கள். கோல் விழுந்த நேரம் மாறவில்லை. ஆள் மாறியும் நோய் மாறவில்லை என்றால் நோய் ஆளிடம் இல்லை என்று ரயில் பெட்டியில் ஒரு கட்சி வாதாடும். பாதிதான் சரி. கடைசி ஐந்து நிமிஷத்தை எப்படிக் கடத்துவது என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம். நுரையீரலுக்கும் காலுக்கும் தெம்பு வேண்டும். யாரை உள்ளே அனுப்புவது, யாரை வெளியே எடுப்பது என்ற கணக்கு வேண்டும். முன்னிலையில் இருக்கும்போது பயந்து 'டி'க்குள் சுருங்காமல் பந்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும். இது கோச்சின் வேலைதான். வேலை பலன் தருவதற்கு முன்னால் அவரை அனுப்பிவிடுகிறார்கள் என்பது மறுபாதி.

டோக்கியோவைப் பார்த்தால் இது தெரியும். 2021 ஆகஸ்ட் 5, வெண்கலத்துக்கான ஆட்டம். ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கி, 5-4 என்று முன்னேறி நிற்கும்போது, ஏழு விநாடிகூட இல்லாத நேரத்தில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். இருபது வருஷமாகப் பழகிய வயிற்றுக் கலக்கத்தோடு நாடே பார்த்தது. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 வருஷத்துக்குப் பிறகு பதக்கம். அந்த அணி ரீட் என்ற ஒரே கோச்சிடம் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தது. கொரோனா காலத்தில் பெங்களூரு சாய் (இந்திய விளையாட்டு ஆணைய) மையத்தில் பல மாதம் வெளியே போக முடியாமல் ஒன்றாகவே அடைபட்டுக் கிடந்ததும் ஒரு காரணம் என்பேன். ஃபெடரேஷன் கொடுக்காத அவகாசத்தை வைரஸ் கொடுத்தது.

ரீட் கதையும் சுபமாக முடியவில்லை. 2023 ஜனவரியில் சொந்த மண்ணில் உலகக் கோப்பை; நியூசிலாந்திடம் 3-3 சமன், ஷூட்அவுட்டில் தோல்வி. ஒன்பதாம் இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டோம். தொடர் முடிந்த மறுநாளே ரீட் ராஜினாமா. அவருக்குப் பின் வந்த தென்னாப்பிரிக்கர் கிரெய்க் ஃபுல்டன், பெல்ஜியத்தில் மெக்லியோடுக்கு உதவியாளராக இருந்தவர். 2023 ஆகஸ்டில் எழும்பூரில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி 4-3 என்று ஜெயித்து ஆசியச் சாம்பியன்ஸ் டிராபி வாங்கினோம். ஹாங்சோவில் ஆசியத் தங்கம், பாரிஸில் மீண்டும் வெண்கலம்.

ஆனாலும் ரசிகனின் கணக்குப் புத்தகம் சும்மா இருக்காது. பாரிஸில் இந்தியா போட்ட 15 கோலில் 10 கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் ஒருவருடையது. பெரும்பாலும் பெனால்டி கார்னர், ஸ்ட்ரோக். ஓடி ஆடிப் போடும் ஃபீல்டு கோல் எங்கே என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அரையிறுதியில் அதே ஜெர்மனி 54-ஆவது நிமிஷத்தில் போட்ட கோலில் 2-3 என்று தோற்றதையும் அவர்கள் மறக்கவில்லை.

நாற்காலி

2008-க்குத் திரும்புவோம். சான்டியாகோவுக்குப் பின் கர்வாலோ போனார். தொழில்நுட்ப ஆலோசகராக வந்திருந்த ஆஸ்திரேலியாவின் ரிக் சார்ல்ஸ்வொர்த் சில மாதம் பொறுத்துப் பார்த்து அவரும் போனார். 1994 முதல் இந்திய ஹாக்கி ஃபெடரேஷன் தலைவராக இருந்த கே.பி.எஸ். கில் போகவில்லை. உடனடிப் பலன் கேட்க இது இன்ஸ்டன்ட் காபி இயந்திரமா என்ற பொருளில் அவர் சொன்னது அப்போது ஊர் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. 14 வருஷமாகக் கொதிக்கிற டிகாக்‌ஷன் இன்னும் இறங்கவில்லையே என்று யாரும் அவரைத் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஏப்ரலில் ஆஜ் தக் தொலைக்காட்சியின் ரகசிய கேமரா வந்தது. ஒரு வீரரை அணியில் சேர்ப்பதற்காக ஃபெடரேஷனின் பொதுச்செயலாளர் கே. ஜோதிகுமரன் பணம் வாங்கியதாகக் காட்டினார்கள். அவர் அதை மறுத்தார், ஸ்பான்சர் பணம் என்றார், பதவி விலகினார். ஒரு வாரத்தில் இந்திய ஒலிம்பிக் சங்கம் ஃபெடரேஷனையே சஸ்பெண்ட் செய்தது. ஜோதிகுமரன் தமிழ்நாட்டு ஹாக்கி நிர்வாகத்திலிருந்து மேலே போனவர். அதனால் இங்கே கோபத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. ஏழு மாதத்துக்கு முன் ஆசியக் கோப்பையை இந்த ஊருக்குக் கொண்டுவந்ததும் இதே நிர்வாகம்தானே என்று நினைத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

பெயர்ப்பலகை மாறியது. ஹாக்கி இந்தியா வந்தது. பத்ரா பொதுச்செயலாளராகவும் பிறகு தலைவராகவும் இருந்து, 2016-இல் உலக ஹாக்கிச் சம்மேளனத்தின் தலைவரானார். காசு வந்தது, முகாம் வசதி வந்தது, வெளிநாட்டுக் கோச்சுகளுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போனது. இதை மறைக்கக்கூடாது. கில் காலத்தோடு ஒப்பிட்டால் வீரன் சாப்பிடுகிற சாப்பாடு முதல் போடுகிற ஷூ வரை எல்லாம் மேல். கூடவே, ஆயுள் தலைவர், ஆயுள் உறுப்பினர் என்ற பதவிகளையும் உண்டாக்கிக்கொண்டார்கள். 1975 உலகக் கோப்பை அணியில் ஆடிய அஸ்லம் ஷேர் கான் வழக்குப் போட, 2022 மே மாதம் டெல்லி உயர்நீதிமன்றம் அவை செல்லாது என்று சொல்லி, நிர்வாகத்தை ஒரு குழுவிடம் ஒப்படைத்தது. அந்தச் செப்டம்பரில் மூன்று ஒலிம்பிக் ஆடிய திலீப் திர்கி போட்டியின்றித் தலைவரானார். வீரனே நாற்காலிக்கு வந்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டோம். 2024 பிப்ரவரியில் பெண்கள் அணிக் கோச் யானக்கா ஸ்கோப்மன், தனக்கு மதிப்பு இல்லை என்று வெளிப்படையாகப் பேசிவிட்டு விலகினார். பல வருஷம் தலைமை நிர்வாகியாக இருந்த எலினா நார்மனும் அதே மாதம் போனார். உள்ளே இரண்டு கோஷ்டி என்றார். ஹாக்கி இந்தியா மறுத்தது.

இந்த நாற்காலிகளை ரசிகனால் ஏன் அசைக்க முடிவதில்லை?

இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப்பின் ரசிகர்கள் கோபித்துக்கொண்டால் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் விடலாம், ஜெர்ஸி வாங்காமல் விடலாம், முதலாளிக்கு வலிக்கும். கிரிக்கெட்டில் டி.வி. ரேட்டிங் விழுந்தால் போர்டுக்கு வலிக்கும். ஹாக்கிக்கு யார் படியளக்கிறார்கள்? 2018 முதல் தேசிய அணிகளின் ஸ்பான்சர் ஒடிசா அரசு. அந்த ஏற்பாடு 2036 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஒடிசா செய்தது பெரிய காரியம். அந்தப் பணம் இல்லாமல் டோக்கியோவும் பாரிஸும் நடந்திருக்குமா என்பது சந்தேகம். மத்திய அரசு முகாமுக்கும் பயணத்துக்கும் கொடுக்கிறது. நிர்வாகத்தின் கல்லாவில் மீஞ்சூர் ரசிகனின் காசு என்று ஒரு ரூபாயைத் தனியாக எடுத்துக் காட்ட முடியாது. 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக்கு டிக்கெட்டே இலவசம். கூட்டம் வரட்டும் என்ற நல்லெண்ணம்தான், கூட்டமும் வந்தது. டிசம்பர் 7 அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று நம் பையன்கள் நசுங்கியபோது அந்தக் கூட்டம் என்ன செய்ய முடியும்? எழுந்து போகலாம். காசு கொடுக்காமல் உள்ளே வந்தவன் எழுந்து போனால் யாருக்கு நஷ்டம்? (மூன்று நாள் கழித்து அதே பையன்கள் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று கிடந்து, கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் போட்டு வெண்கலம் வாங்கினார்கள். கோச், டோக்கியோவில் அந்தக் கார்னரைத் தடுத்த ஸ்ரீஜேஷ்தான்.)

ஆகவே ரசிகனின் கோபம் ஃபெடரேஷனுக்குச் செலவே இல்லாத கோபம். அந்தக் கோபம் அதிகமாகும்போது கோச்சை எடுத்துக் கொடுத்தால் போதும். பத்திரிகைகளுக்குத் தலைப்புக் கிடைக்கும், ரசிகனுக்கு ஏதோ நடந்த திருப்தி கிடைக்கும், நிர்வாகிக்கு இன்னும் இரண்டு வருஷம் கிடைக்கும். 'கோச்சைத் தூக்கு' என்று கத்துகிறவன் தனக்கே தெரியாமல் நிர்வாகத்துக்கு உதவுகிறான் என்பது என் கட்சி.

நம்ம டீம் எங்கே?

வடசென்னைக்காரனுக்கு இன்னொரு வயிற்றெரிச்சல் உண்டு. 1968 மெக்சிகோவில் முனீர் சேட், கிருஷ்ணமூர்த்தி பெருமாள். 1975 உலகக் கோப்பையில் வி.ஜே. ஃபிலிப்ஸ்; மாஸ்கோவில் பாஸ்கரன்; பிறகு ரியாஸ், திருமாவளவன். இந்த வரிசை 2004 ஏதென்ஸுக்குப் போன ஆடம் சின்க்ளேரோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டு வீரர் யாரும் ஒலிம்பிக் ஹாக்கி ஆடவில்லை. 2022-இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்கு அரியலூர் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் தேர்வானபோது ஒரு நம்பிக்கை எழுந்தது. கார்த்தி 2023-இல் எழும்பூரிலேயே ஆடினார். ஒலிம்பிக் வாசல் இன்னும் திறக்கவில்லை. இருவரும் எங்கிருந்து வந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எழும்பூர் டர்ஃபுக்கு ரயில் தூரத்தில் இருக்கிற நம் பகுதியிலிருந்து வரவில்லை. கோவில்பட்டிக்காரன் மண்தரையிலிருந்து பிடிவாதமாக ஆள் தயாரித்தான். சென்னை தன் லீக்கையே மறந்துகொண்டிருந்தது.

லீக் அணிகள் கதை அதைவிடச் சோகம். பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் இருந்தது. 2008-க்குப் பின் லீக்கே இல்லை. 2012-இல் வேர்ல்டு சீரீஸ் ஹாக்கிக்காகச் சென்னை சீட்டாஸ் வந்தது; ஒரே சீசன். 2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக்கில் டெல்லி, மும்பை, பஞ்சாப், உத்தரப்பிரதேசம், ராஞ்சி, கலிங்கா அணிகள் உண்டு. தமிழ்நாட்டுக்கு அணியே கிடையாது. ஏழு வருஷம் நின்றிருந்த லீக் 2024 டிசம்பரில் திரும்ப வந்தபோது தமிழ்நாடு டிராகன்ஸ் பிறந்தது. ஆண்கள் ஆட்டம் பெரும்பாலும் ரூர்கேலாவில்! நம் பெயர் போட்ட அணி, நாம் போக முடியாத ஊரில், ராத்திரி டி.வி.யில். ரைன் வான் ஐக் என்ற டச்சுக் கோச், அமித் ரோஹிதாஸ் கேப்டன். நான்காம் இடத்தில் முடித்தது. முதல் சீசனுக்கு மோசமில்லை. ஆனால் தோற்ற ராத்திரி திட்டுவதற்கு ஒரு ரயில் பெட்டி வேண்டாமா?

இதில் நம் பங்கும் உண்டு. எழும்பூரில் இந்தியா ஆடினால் போகிறோம். 1901-இலிருந்து வேர் இருக்கும் எம்.சி.சி. போட்டி இன்று முருகப்பா தங்கக் கோப்பை என்ற பெயரில் அதே மைதானத்தில் நடக்கிறது. ரயில்வே, வங்கி, மாநில அணிகள் எல்லாம் வந்து ஆடுகின்றன. தேசிய முகாமில் இருப்பவனும் வெளியே விடப்பட்டவனும் ஒரே மேட்சில் எதிரெதிரே நிற்பதை அங்கே பார்க்கலாம். செலக்‌ஷன் சரியில்லை என்று சொல்கிறவன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னால் அவன் பேச்சுக்கு எடை கூடும். மாநிலச் சங்கத் தேர்தல் எப்போது நடக்கிறது, யார் ஓட்டுப் போடுகிறார்கள், மாவட்டச் செயலாளராக எத்தனை வருஷம் ஒரே ஆள் இருக்கிறார் என்பதை விசாரிக்கிற ரசிகனை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். தலைவர் நாற்காலிக்கு ஏணி அங்கிருந்துதான் தொடங்குகிறது. கோச்சின் ஒப்பந்தம் எத்தனை வருஷம், எதை வைத்து மதிப்பிடுவார்கள், யார் மதிப்பிடுவார்கள் என்று எழுத்தில் வெளியிடச் சொல்லி ஒரு தகவல் உரிமை மனு போட்டாலே பத்து நாள் கத்தலுக்குச் சமம்.

அவசரத்தின் விலையை 2025 காட்டிவிட்டது. ஜூன் மாதம் சர்வதேசப் புரோ லீக்கின் ஐரோப்பியப் பயணத்தில் இந்தியா தொடர்ச்சியாக ஏழு ஆட்டம் தோற்றது. நெதர்லாந்திடம் இரண்டு, அர்ஜென்டினாவிடம் இரண்டு, ஆஸ்திரேலியாவிடம் இரண்டு, பெல்ஜியத்திடம் ஒன்று. கடைசி மேட்சில் பெல்ஜியத்தை 4-3 என்று வென்றதால் ஓரளவு மானம் பிழைத்தது. ஒன்பது அணிகளில் எட்டாம் இடம். பெரும்பாலும் ஒரு கோல் வித்தியாசத் தோல்விகள், பாதி கடைசிக் கால்பகுதியில் வந்தவை. பழைய நோய் திரும்பிவிட்டது என்று எல்லோருக்கும் தோன்றியது, எனக்கும்தான். பழைய காலமாக இருந்தால் ஜூலையில் புதுக் கோச் வந்திருப்பார். இந்த முறை கை வைக்கவில்லை. செப்டம்பர் 7 அன்று பீகார் ராஜ்கிரில் கொரியாவை 4-1 என்று வென்று ஆசியக் கோப்பையோடு 2026 உலகக் கோப்பைக்கும் ஃபுல்டனின் அணி நேரடியாகத் தகுதி பெற்றது. ஐரோப்பாவில் விழுந்த ஓட்டைகள் எல்லாம் அடைபட்டுவிட்டன என்று யாரும் சொல்லவில்லை. கொரியா வேறு, ஆஸ்திரேலியா வேறு. அடைக்கிற ஆள் அங்கேயே இருக்கிறார் என்பது மட்டும் புதுசு.

அதே ஜூனில் பெண்கள் அணி புரோ லீக்கில் கடைசி இடம் பிடித்துக் கீழே இறக்கப்பட்டது. அங்கே கோச், ஆண்கள் அணியிலிருந்து 2019-இல் அனுப்பப்பட்டு, 2024-இல் திரும்ப அழைக்கப்பட்ட ஹரேந்திர சிங். டிசம்பரில் அவர் ராஜினாமா செய்தார். 2026 ஜனவரியில் அவர் இடத்துக்கு நியமிக்கப்பட்டவர், டோக்கியோவில் பெண்கள் அணியை நான்காம் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டு ஊருக்குக் கிளம்பிய ஷோர்ட் மாரைன். 2018-இல் இந்த இருவரைத்தான் இடம் மாற்றி உட்காரவைத்தார்கள். எட்டு வருஷம் சுற்றி அதே இருவரிடம் வந்து நிற்கிறது தேடல். அந்த எட்டு வருஷத்தில் அவர்களைத் தேர்ந்தெடுத்த, நீக்கிய, திரும்பக் கூப்பிட்ட ஒவ்வொரு முடிவிலும் கையெழுத்துப் போட்டவர் யார் என்று ஒரு பட்டியலைத் தயாரித்தால், அடுத்த தோல்விக்குப் பிறகு மீஞ்சூர் வண்டியில் பேச உருப்படியான விஷயம் கிடைக்கும்.